ப்ராக்டிகம்: கலை கற்பித்தல் களப்பயிற்சி

கலை ஆசிரியர் படிப்பின் பாடத்திட்டங்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ப்ராக்டிகம். கலை ஆசிரியராகப் போகிற ஒருவர், படிப்பு முடியும் முன்பே ஒரு பள்ளி வகுப்பறைக்குப் போய், அனுபவமுள்ள ஆசிரியரின் கண்பார்வையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகும் காலத்தை அது குறிக்கும். முதலில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பார். அப்புறம் பொருள்களை எடுத்துக் கொடுத்து உதவுவார், பாடத்தில் ஒரு சிறு பகுதியை நடத்துவார். கடைசிக் கட்டத்தில் முழு வகுப்பும் அவர் பொறுப்பில் வரும். இந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே கேள்வி.

சொல்லின் வேர் கிரேக்கம். 'செய்' என்று பொருள்படும் வினையிலிருந்து ப்ராக்டிகோஸ் பிறந்தது. லத்தீன் அதை ப்ராக்டிகும் ஆக்கியது. ஜெர்மனியில் இன்றும் மாணவர்கள் செய்து பழகும் காலத்துக்கு ப்ராக்டிகும் என்றுதான் பெயர்.

வழக்கம் பழையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லெக்சிங்டன் ஊரில் 1839-இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு ஒரு மாதிரிப் பள்ளியும் இருந்தது. பயிற்சிக்கு வந்த பெண்கள் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகினார்கள். அதே மாநிலம் 1870-இல் சட்டம் போட்டு ஓவியத்தைப் பள்ளிப் பாடமாக்கியது. சட்டம் வந்துவிட்டது, சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே! 1873-இல் பாஸ்டனில் கலை ஆசிரியர்களை உருவாக்கவே தனியாக ஒரு பள்ளி திறந்தார்கள்.

இதே போன்ற பயிற்சிக்குச் சொல்லும் இன்டர்ன்ஷிப் வேறு வழியாக வந்த சொல். மருத்துவமனைக்குள்ளேயே தங்கித் தொழில் பழகிய மருத்துவ மாணவரைப் பிரெஞ்சில் 'உள்ளே இருப்பவர்' என்ற பொருளில் அழைத்தார்கள். தமிழில் உள்ளுறைப் பயிற்சி, உள்ளிருப்புப் பயிற்சி என்றெல்லாம் எழுதுவது இதை ஒட்டித்தான். உள்ளுறை என்றதும் இலக்கணம் படித்தவருக்குப் பாட்டில் மறைந்திருக்கும் பொருள் நினைவுக்கு வரும். அதனால் எனக்கு அந்தச் சொல்லில் முழு நிறைவு இல்லை.

சரி, ப்ராக்டிகத்துக்கு என்ன சொல்வது? 'பயிற்சி' நம் கையில் இருக்கிறது, அருமையான சொல். பயில் என்றால் கற்பது மட்டுமில்லை. திரும்பத் திரும்பப் பழகுவதும் அதில் அடக்கம். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் வரும் 'பயிலியது கெழீஇய நட்பு' நெடுநாள் பழகி ஊறிய நட்பு. அதே வேரிலிருந்துதான் பயிற்று, அதாவது கற்றுக்கொடு, வந்தது. பயில்கிறவரும் பயிற்றுகிறவரும் ஒருவராகவே இருக்கும் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

ஆனால் வெறுமனே 'கலைப் பயிற்சி' என்று எழுதினால் தவறிப்போகும். வரையக் கற்றுக்கொள்வது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே வருபவருக்கு வரையத் தெரியும், தெரியாதது வேறு. ஒரு பிள்ளை வரைந்த மரம் கோணலாகச் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரையத் தெரிந்தவரின் கை தானாகத் தூரிகையை வாங்கித் திருத்தப் போகும். வழிகாட்டும் ஆசிரியர் அங்கேதான் தடுப்பார்: "அவள் தாளில் நீங்கள் கை வைக்காதீர்கள். வேறு தாளில் வரைந்து காட்டுங்கள், இல்லாவிட்டால் மரம் எங்கிருந்து சாய்கிறது என்று அவளிடமே கேளுங்கள்." தண்ணீர்க் குவளைகளை எப்போது கொடுப்பது, மணி அடிக்கும் முன் தூரிகைகளைக் கழுவ எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதெல்லாம் வகுப்பில் நின்றால்தான் பிடிபடும்.

ஆகவே 'கற்பித்தல்' என்ற சொல் உள்ளே வந்தே தீர வேண்டும். இடத்தைச் சுட்ட 'களம்' போதும். நெற்களம், போர்க்களம் என்று காரியம் நடக்கும் இடத்துக்கெல்லாம் தமிழ் அதைத்தான் சொல்கிறது. கலை கற்பித்தல் களப்பயிற்சி என்பதே என் தேர்வு. 'ஓவியம்' என்று போட்டால் களிமண்ணும் அச்சும் நெசவும் வெளியே நின்றுவிடும். நீளம் என்று தோன்றினால், முதல் முறை முழுதாக எழுதிவிட்டு அடுத்தடுத்து களப்பயிற்சி என்று சுருக்கிக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு வருபவரை மாணவ ஆசிரியர் என்பது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. வகுப்பில் கூடவே இருப்பவர் வழிகாட்டி ஆசிரியர். கல்லூரியிலிருந்து அவ்வப்போது வந்து பார்த்துக் குறிப்பெழுதுபவர் மேற்பார்வையாளர். இருவரின் வேலையும் வேறு என்பதால், 'மேற்பார்வை ஆசிரியர்' என்று ஒரே பெயரில் இருவரையும் எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம்.