பவுன்ஸ் ரேட் 80%ன்னா சைட்டு சரியில்லன்னு அர்த்தமா?

சைட்டு நடத்துற யார்கிட்ட பேசினாலும் பவுன்ஸ் ரேட் ஏறிடுச்சுங்கற பொலம்பல் ஒரு தடவையாவது வரும். வந்தவங்களுக்கு நம்ம பேஜ் புடிக்கல, அதான் ஓடிட்டாங்கன்னு உடனே முடிவு கட்டிடுறாங்க. ஆனா சைட்டுக்கு வர்றவங்கள கணக்கெடுக்குற அனலிட்டிக்ஸ் டூலுக்கு யார் மனசுல என்ன இருந்துச்சுன்னு எப்படி தெரியும்? பிரவுசர்லேந்து என்ன சிக்னல் வந்துச்சோ அத எண்ணத்தான் அதுக்கு தெரியும்.

பேஜ்ல நாம போட்டு வைக்கிற சின்ன ஸ்கிரிப்ட், பேஜ் ஓபன் ஆனதும் "இத்தன மணிக்கு இந்த பேஜ் ஓபன் ஆச்சு"ன்னு சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும், அதுக்கு பேரு ஹிட். பழைய கூகுள் அனலிட்டிக்ஸ்ல ஒரு செஷன்ல, அதாவது ஒருத்தர் ஒரு தடவ சைட்டுக்கு வந்துட்டு போறதுல, ஒரே ஒரு ஹிட் மட்டும் வந்திருந்தா அது பவுன்ஸ். 100 செஷன்ல 60 அப்படி இருந்தா பவுன்ஸ் ரேட் 60%, அவ்ளோதான் கணக்கு.

இப்ப ஒருத்தர் 10:00க்கு ஒரு கட்டுரைய ஓபன் பண்றாரு, 10:04க்கு அதுலேந்து இன்னொரு கட்டுரைக்கு போறாரு, அத 10:12 வரைக்கும் படிச்சிட்டு டேபை மூடிடுறாரு. சர்வருக்கு கெடச்சது 10:00, 10:04ன்னு ரெண்டே நேரம், மூடின நேரத்த யாரும் சொல்லல, அதனால பழைய அனலிட்டிக்ஸ் மொத்தம் 4 நிமிஷம்னு எழுதிக்கும், ரெண்டாவது கட்டுரைய படிச்ச 8 நிமிஷம் கணக்குலயே வராது. அவரே முதல் கட்டுரைய மட்டும் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டு போயிருந்தா 0 செகண்ட், பவுன்ஸ். வந்த வேகத்துல பேக் பட்டன் அமுக்கினவரும் 0 செகண்ட், பவுன்ஸ். திருப்தியா போனவரும் கடுப்பாகி போனவரும் ஒரே கணக்குல விழுந்தாங்க.

தலகீழாவும் நடக்கும். அந்த ஸ்கிரிப்ட் தீம்ல ஒரு தடவ, பிளகின்ல ஒரு தடவன்னு ரெண்டு எடத்துல ஏறியிருந்தா ஒவ்வொரு பேஜுக்கும் ரெண்டு ஹிட் போகும், பவுன்ஸ் ரேட் திடீர்னு 2%, 3%ன்னு கீழ வந்துடும். பழைய ரிப்போர்ட்ல அப்படி ஒரு நம்பர் இருந்தா முதல்ல ஸ்கிரிப்டத்தான் செக் பண்ணணும்.

2020 அக்டோபர்ல வந்த ஜிஏ4ல, அதாவது கூகுள் அனலிட்டிக்ஸோட புது வெர்ஷன்ல, ஆரம்பத்துல பவுன்ஸ் ரேட்டே கெடையாது, 2022 ஜூலைலதான் சேத்தாங்க, அதுவும் வேற கணக்கோட. செஷன் 10 செகண்டுக்கு மேல நீடிக்கணும், இல்ல ரெண்டு பேஜாவது பாத்திருக்கணும், இல்ல நீங்க முக்கியம்னு குறிச்சு வச்ச ஒரு வேலை, வாங்குறதோ ஃபார்ம் அனுப்புறதோ, நடந்திருக்கணும். மூணுல ஒண்ணு நடந்தாலும் அது பவுன்ஸ் இல்ல. நம்ம கட்டுரை வாசகருக்கு இதுல ஓரளவு நியாயம் கெடச்சிடுச்சு. பழைய வெர்ஷன் 2023 ஜூலை 1லேந்து டேட்டா எடுக்குறத நிறுத்திடுச்சு, ஆனா அப்ப எடுத்து வச்ச 70%ஐயும் இப்ப தெரியிற 40%ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சு "30% கொறச்சிட்டோம்"னு கிளையண்ட்டுக்கு ரிப்போர்ட் போடுறது ரொம்ப தப்பு, ரெண்டும் வேற வேற அளவு.

அப்ப இத பாக்கவே வேணாமான்னா, கண்டிப்பா பாக்கணும், முக்கியமா ஸ்பீடுக்காக. மொபைல் பேஜ் லோடாகுற நேரம் 1 செகண்ட்லேந்து 3 செகண்ட் ஆனா பவுன்ஸ் ஆகுற வாய்ப்பு 32% கூடும், 5 செகண்ட் ஆனா 90% கூடும்னு 2017ல கூகுள் சொல்லிச்சு. இதுல பலர் கவனிக்காத ஒண்ணு இருக்கு, பேஜ் ரொம்ப ஸ்லோவா இருந்தா அந்த ஸ்கிரிப்ட் லோடாகுறதுக்கு முன்னாடியே ஆள் கெளம்பிடுவாரு, அவர் வந்ததே பதிவாகாது, பவுன்ஸ்லயும் வரமாட்டாரு. அதனால ரொம்ப ஸ்லோவான சைட்டோட உண்மையான நெலம ரிப்போர்ட்ல தெரியிறதவிட மோசமாத்தான் இருக்கும்.

மொத்த சைட்டுக்கும் சேத்து ஒரே சராசரி பாக்குறதுல எனக்கு நம்பிக்கையே இல்ல. பாஸ்போர்ட் ரினியூ பண்ண என்னென்ன டாக்குமெண்ட் வேணும்னு தேடி வந்தவர் லிஸ்ட்ட பாத்துட்டு 8 செகண்ட்ல போனா அந்த பேஜ் தன் வேலைய முடிச்சிடுச்சு. அதுவே காசு குடுத்து விளம்பரம் போட்டு ஆள வரவச்ச பேஜ்ல 80%ன்னா ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் போயிட்டிருக்கு. விளம்பரத்துல ஒரு புடவையக் காட்டிட்டு கிளிக் பண்ணா ஹோம் பேஜ்ல கொண்டுபோய் விட்டா யார் அங்க நின்னு தேடுவாங்க?

ஜிஏ4 ரிப்போர்ட்ல பவுன்ஸ் ரேட் தானா தெரியாது, லேண்டிங் பேஜ் (வர்றவங்க முதல்ல வந்து எறங்குற பேஜ்) ரிப்போர்ட்ட கஸ்டமைஸ் பண்ணி மெட்ரிக்ஸ்ல சேத்துக்கணும். சேத்துட்டு மொபைல் தனியா டெஸ்க்டாப் தனியா பிரிச்சு பாருங்க. ஒரே பேஜ் டெஸ்க்டாப்ல 35%, மொபைல்ல 75%ன்னு நின்னா எழுத்துல கை வைக்காதீங்க, அந்த பேஜ ஒரு சாதாரண ஃபோன்ல, வைஃபை இல்லாம, நீங்களே ஓபன் பண்ணி பாருங்க.