விமானத்தில் கூட்டிப் போகலாமா? காரைக்குடி மருத்துவர் ஒருவரின் குறிப்புகள்

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘ஏஞ்சல் ஃப்ளைட்’ என்ற ஏற்பாடு உண்டு. விமானம் ஓட்டத் தெரிந்த தன்னார்வலர்கள், தூரத்து ஊர்களில் இருக்கும் நோயாளிகளைச் சிறு விமானத்தில் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், சிகிச்சை முடிந்ததும் ஊர் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நோயாளியிடம் பைசா வாங்குவதில்லை. பல இடங்களில் எரிபொருள் செலவும் விமானியின் கையிலிருந்துதான். கலிஃபோர்னியாவில் 1983 முதலும் ஆஸ்திரேலியாவில் 2003 முதலும் இது நடக்கிறது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. அதனால் இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி என்னிடம் வந்து சேரும். “செட்டிநாட்டுல யுத்த காலத்து ரன்வே சும்மாதானே கிடக்கு டாக்டர், நாமளும் ஆரம்பிச்சா என்ன?” என்று கேட்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் அதை ஆம்புலன்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அது ஆம்புலன்ஸ் இல்லை. உள்ளே நர்ஸ் கிடையாது, ஸ்ட்ரெச்சரும் கிடையாது. நோயாளி தானே ஏறி, பெல்ட் போட்டு உட்கார வேண்டும். உடல்நிலை சீராக இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். வானிலை சரியில்லை என்றால் விமானி “இன்று இல்லை” என்று சொல்லிவிடுவார், அதனால் குடும்பம் மாற்று ஏற்பாட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆபத்தும் உண்டு. 2017 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் அருகே இப்படியொரு விமானம் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து மூன்று பேரும் இறந்தார்கள். 2019இல் அந்நாடு இத்தகைய பயணங்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, சாதாரணப் பயணிகள் விமானம். “அப்பச்சியை அடுத்த வாரம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் கூட்டிட்டு வரலாமா?” என்று மகன் கேட்கும்போது டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகியிருக்கும். பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பது போல் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல் இருக்கும். அதாவது கொடைக்கானலில் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிற மாதிரி. நல்ல உடம்புக்கு அது தெரியாது. நுரையீரல் பழுதானவருக்கும் ரத்தம் மிகக் குறைந்தவருக்கும் மூச்சு வாங்கும். உடம்புக்குள் அடைபட்ட வாயுவும் விரியும். வயிற்றில் அறுவை முடிந்த கையோடு பறக்கக் கூடாது என்பது அதனால்தான்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரையில் விழித்திரை அறுவை செய்துகொண்டு வருகிறவர்கள் இங்கே நிறைய. சிலருக்கு விழித்திரை ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் வாயு செலுத்தியிருப்பார்கள். அது கரைவதற்குள் பறந்தால் வாயு விரிந்து, கண் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம். கொடைக்கானல் டூரும் கூடாது. வாயு வைத்திருக்கிறார்களா, எப்போது கரையும் என்று அறுவை செய்தவரிடமே கேளுங்கள். என்னிடம் கேட்டாலும் நான் அவருக்குத்தான் போன் போடுவேன்.

சரி, நம்மூருக்கு என்ன வேண்டும்? அவசரத்துக்கு 2008 முதல் 108 இருக்கிறது. காசு இருப்பவர்களுக்கு லட்சக்கணக்கில் வாங்கும் ஏர் ஆம்புலன்ஸ் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்ற புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ளச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வரும் ஆச்சிதான் நடுவில் மாட்டிக்கொள்கிறார். நடக்க முடியும் என்பதால் அவருக்கு ஆம்புலன்ஸ் வராது. பஸ்ஸில் போனாலோ திரும்பும்போது வாந்தி.

ரயில் சலுகை இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம். பகலில் ஓடும் பல்லவன் போன்ற ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் ஏசி சேர் காரிலும் இருவருக்குமே 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தைக் கேட்டு, மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும். டயாலிசிஸ், இதய அறுவை நோயாளிகளுக்கும் சலுகை உண்டு.

ரன்வேயை விட்டுவிடுங்கள். கார் ஷெட்டில் நிற்கும் வண்டியும் ஓய்வுபெற்ற ஓட்டத் தெரிந்த மனிதர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் மதுரைக்கு ஒருவரைக் கூட்டிப்போய் வந்தால், அந்த வெளிநாட்டு விமானிகள் செய்கிற வேலை இங்கேயும் நடந்துவிடும். முன்வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம்: பின் சீட்டில் சாய இடமும் வாந்திக்குப் பையும் வையுங்கள். கீமோ எடுத்தவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், “வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று அவர் சொன்னாலும் கேட்காமல், வழியில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள்.