கப்பல் வேலைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து பெற்றோர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான். பையனைக் கப்பலில் ஏற்றிவிடுவதாக ஒருவர் சொன்னார், நகையை அடகு வைத்துத் தவணை தவணையாகக் கொடுத்தோம், இப்போது போனை எடுப்பதில்லை. ராமநாதபுரத்தில் வழக்கறிஞராக இருக்கும் எனக்கு இந்தக் கதை ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. பணம் கைமாறுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் ஒதுக்கி விசாரித்திருந்தால் இதில் பாதி நடந்தே இருக்காது.

பிள்ளைகள் ஏன் வெளியே போகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களிலும் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்தால் ஆளுக்குச் சிறை, படகு திரும்பி வரும் என்பதற்கு உறுதி இல்லை. அப்பா படகையும் இழந்து கடனோடும் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பையனிடம் ஊரிலேயே இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. போகட்டும். சரியான வழியில் போகட்டும்.

கடலில் வளர்ந்த பையன்தானே, கப்பல் வேலை அவனுக்குச் சுலபம் என்றுதான் ஏஜென்ட் பேச்சைத் தொடங்குகிறார். காற்றும் நீரோட்டமும் அந்தப் பையனுக்குத் தெரிகிற அளவுக்கு நகரத்துப் பையனுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் வணிகக் கப்பலில் அந்த அனுபவத்தை மட்டும் வைத்து யாரையும் ஏற்றுவதில்லை. மாலுமியாகச் சேர வழக்கமான வழி, கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் தங்கிப் படிக்கும் ஜிபி ரேட்டிங் என்ற அடிப்படை மாலுமிப் பயிற்சி. பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும், ஆங்கிலத்தில் 40 சதவீதமாவது வேண்டும், வயது பதினேழரைக்கு மேல் இருபத்தைந்துக்குள். அதோடு இண்டோஸ் என்கிற மாலுமிப் பதிவு எண்ணும் சிடிசி என்கிற மாலுமிப் புத்தகமும் வேண்டும். அங்கீகாரம் உள்ள நிலையங்களின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத இடத்தில் படித்த சான்றிதழை வைத்துச் சிடிசி வாங்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் கண்ணைப் பாருங்கள். துறைமுக வழியில் சிவப்பு விளக்கு எது, பச்சை விளக்கு எது என்று பிரித்தறியத் தெரியாதவருக்கு டெக் என்கிற கப்பல் மேல்தள வேலை கிடையாது. நிறக்குறைபாடு இருப்பது அந்தப் பையனுக்கே தெரியாமல் இருக்கலாம். எந்தக் கண் மருத்துவரிடமும் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். பயிற்சிக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு மருத்துவப் பரிசோதனையில் நின்றுபோன பையனின் முகத்தை ஒருமுறை பார்த்தால் நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

அடுத்தது ஏஜென்ட். இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்ப ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் வேண்டும். உரிமம் உள்ள நிறுவனம் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதி ஊர் முழுக்கத் தெரிந்திருந்தாலே போதும். 'கப்பலில் ஏற்ற நாலு லட்சம்' என்று யாராவது கேட்டால், அந்த வார்த்தையிலேயே பதில் இருக்கிறது. பயிற்சி எதுவும் வேண்டாம், வேறு நாட்டுச் சிடிசி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அப்படி ஏறுகிற கப்பல் பழைய, பராமரிப்பில்லாத கப்பலாக இருந்து, முதலாளி பாதியில் கைவிட்டால், சம்பளமும் இல்லாமல் ஊர் திரும்பவும் வழியில்லாமல் பையன் கடலிலேயே கிடப்பான். கப்பலின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணையும் கேளுங்கள். ஏழு இலக்கம். பெயரும் கொடியும் மாறினாலும் அது மாறாது. அதை வைத்து அந்தக் கப்பல் இப்போது எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர்களுக்கு விதிகள் வேறு. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கும். சவூதி, பஹ்ரைன், கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை. இது தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அனுமதியில்தான் ஒப்பந்தம் பதிவாகிறது, காப்பீடு வருகிறது. அதைத் தவிர்க்க விசிட் விசாவில் அனுப்புகிறவர் உங்கள் பிள்ளையின் பாதுகாப்பைத்தான் வெட்டி எடுக்கிறார். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். பதிவு உண்டா என்று அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடலாம். அங்கேயும் கடல் எல்லைகள் நெருக்கம், தாண்டினால் சிறைதான். படகு முதலாளி யார், பிடிபட்டால் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அரபியில் மட்டும் இருந்தால் தமிழில் படித்துச் சொல்ல ஆள் தேடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

வழக்கு என்று வந்தால் எனக்கு முதலில் தேவைப்படுவது காகிதம். 'சொந்தக்காரர் மூலமாகத்தான் கொடுத்தோம், ரசீது கேட்க சங்கடமாக இருந்தது' என்று சொல்லாத குடும்பமே அரிது. அந்தச் சங்கடத்தின் விலை லட்சக்கணக்கில். வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள், வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அம்மாவிடம் இருக்கட்டும்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் பலர் மாதக்கணக்கில் வெளியே சொல்வதில்லை. ஊரில் பேச்சாகிவிடும், தங்கச்சி கல்யாணம் தடைபடும் என்ற பயம். அந்த மாதங்களில் ஏஜென்ட் அலுவலகத்தைக் காலி செய்துவிடுகிறார், கணக்கில் இருந்த பணமும் போய்விடுகிறது. பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி இலவசம், அழைக்க வேண்டிய எண் 15100. தாய்மார்கள் நேரடியாகவே அழைக்கலாம், யார் துணையும் வேண்டாம்.