புது ஆள் வந்தால் பந்து எங்கே போகும்?

மாநில அளவில் கூடைப்பந்து ஆடிய பையன் ஒருவன் நம் டீமுக்கு வருகிறான் என்று தெரிந்தால், ஒட்டுக்கடையில் முதலில் நடப்பது கூட்டல் கணக்கு. நாம் ஆட்டத்துக்கு அறுபது புள்ளி எடுக்கிறோம், அவன் தனியாளாக இருபது போடுவான், ஆக எண்பது. கோலகங்சார்காரர்களை ஊதித் தள்ளிவிடலாம். தே தாரிக் ஆறுவதற்குள் கோப்பையே கைக்கு வந்துவிடும்.

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் எங்கள் டீமுக்கு அப்படி ஒருவன் ஈப்போவிலிருந்து வந்தான். நல்ல உயரம், நல்ல கை. அவன் வந்த பிறகு அவனுடைய புள்ளிகள் கூடின. டீமின் புள்ளிகள் கூடவில்லை. ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில் இரண்டு எண்ணையும் ஒரே தாளில் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் மேல் குற்றம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டல்தான் தப்பு.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காற்பந்துதான் சொந்த ஆட்டம். கூடைப்பந்து எங்களுக்கு வந்தது 1948-60 மலாயா அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமத்துச் சீனர்களிடமிருந்து. அவர்களுடைய சிமெண்ட் கோர்ட்டில் ஓரமாக நின்று பார்த்து, ஆள் குறைகிற நாளில் உள்ளே போய்க் கற்றுக்கொண்டவர்கள்தான் எங்கள் டீமில் பாதிப் பேர். காற்பந்தில் பதினொரு பேர், பெரிய திடல். ஒருவன் பந்தைத் தொடாமலே பத்து நிமிடம் ஓடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். கூடைப்பந்தில் ஐந்தே பேர். பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். நாற்பது நிமிட ஆட்டத்தில் ஒரு டீமுக்கு எழுபது, எண்பது முறைதான் பந்து கிடைக்கும். ஆட்டத்தின் மொத்த முதல் அவ்வளவுதான்.

புது ஆள் வரும்போது இந்த எழுபது எண்பது ஏறுவதில்லை. அவன் இருபது முறை எறிந்தால், அந்த இருபதும் மற்ற நான்கு பேரிடமிருந்து போனதுதான். கூடைப்பந்துப் புள்ளியியலில் பயன்பாட்டு விகிதம் என்று ஒன்று உண்டு: ஓர் ஆட்டக்காரர் கோர்ட்டில் நிற்கும் நேரத்தில் டீமின் வாய்ப்புகளில் எத்தனை சதவீதம் அவர் கையில் முடிகிறது என்ற கணக்கு. ஐந்து பேருடையதையும் கூட்டினால் எப்போதும் 100தான். 30 சதவீதப் பழக்கமுள்ள நான்கு நட்சத்திரங்களை ஒன்றாக நிறுத்தினால் 120 வரவேண்டும். வராது. யாரோ விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

சரி, பந்தைக் கெட்டிக்காரனிடமே கொடுத்துவிட்டால் என்ன? பிரையன் ஸ்கின்னர் என்ற இயற்பியலாளர் 2010-ல் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார். அவர் வாதத்தை ஒரு கற்பனை டீமில் வைத்துப் பார்ப்போம். நட்சத்திர ஆட்டக்காரர் பத்து முறை எறிந்தால் 12 புள்ளி வருகிறது. இருபது முறை எறியச் சொன்னால் 20 புள்ளி. அதிகம் எறிய எறிய, நல்ல வாய்ப்புகள் தீர்ந்து கஷ்டமான கோணங்களில் எறிய வேண்டிவரும். எதிரணியும் இரண்டு பேரை அவர்மேல் ஏவிவிடும். பக்கத்தில் நிற்கும் சாதாரண ஆட்டக்காரர் பத்து முறை எறிந்தால் 9 புள்ளி எடுப்பார். சராசரியைப் பார்த்தால் இருபது எறியும் நட்சத்திரம் எறிக்கு ஒரு புள்ளி, சாதாரண ஆள் 0.9. அதனால் பந்து நட்சத்திரத்துக்கே போகட்டும் என்று தோன்றும். ஆனால் நட்சத்திரத்தின் இரண்டாவது பத்து எறிகளை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். 20-ல் 12 போனால் எட்டுதான். அந்தப் பத்தைச் சாதாரண ஆளிடம் கொடுத்திருந்தால் ஒன்பது கிடைத்திருக்கும், மொத்தம் 21. நட்சத்திரத்துக்குக் குறைவாகக் கொடுத்ததால் டீமுக்கு ஒரு புள்ளி லாபம்.

ஸ்கின்னர் இதைப் போக்குவரத்துக் கணிதத்தோடு இணைத்தார். ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிரெஸ் 1968-ல் காட்டியது இது: நெரிசலான சாலை வலையில் புதிதாக ஒரு குறுக்குச் சாலை போட்டால், சில நேரம் எல்லாருடைய பயணமும் முன்பைவிட நீண்டுவிடும். ஒவ்வொருவரும் தனக்கு வேகமான வழி என்று அதிலேயே போய் விழுவதுதான் காரணம். அதே மாதிரி, மிகச் சிறந்த ஆட்டக்காரர் இல்லாத டீம் சில நேரம் நன்றாக ஆடலாம். 1999-ல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில், நியூயார்க் நிக்ஸ் அணியின் நட்சத்திரம் பேட்ரிக் யூயிங், இந்தியானாவுக்கு எதிரான கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் குதிகால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அவர் இல்லாமலே நிக்ஸ் அந்தத் தொடரை 4-2 என வென்றது. அடுத்த சுற்றில் சான் அன்டோனியோவிடம் 4-1 என அடி வாங்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யூயிங் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், புது ஆளிடம் எவ்வளவு திறமை இருக்கிறது என்பதைவிட, அந்தத் திறமைக்குப் பந்து வேண்டுமா வேண்டாமா என்பதுதான் முக்கியக் கேள்வி. பந்தைக் கேட்கிற திறமைகள் ஒன்றோடொன்று மோதும். பந்தைக் கேட்காத திறமைகள் அப்படியே கூடும். டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்), ரீபவுண்ட் (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஸ்கிரீன் போடுவது (நம் ஆளைக் காவல் காப்பவனின் வழியில் நின்று மறிப்பது), மூலையில் நின்று எதிரணியை அகல இழுப்பது, இதற்கெல்லாம் பந்து கையில் இருக்க வேண்டியதில்லை. இருவர் சேர்ந்து டிஃபென்ஸ் செய்தால் ஒருவர் வேலையை மற்றவர் பறிப்பதில்லை.

2004-ல் இது ஒரே தொடரில் பளிச்சென்று தெரிந்தது. ஷகீல் ஓ'நீலும் கோபி பிரையண்டும் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், அதற்கு மேல் கார்ல் மலோன், கேரி பேட்டன் என்ற இரண்டு பெரிய பெயர்களையும் சேர்த்துக்கொண்டது. சாம்பியன்பட்டத்தை எழுதிவைத்துவிட்டார்கள் என்றே பேச்சு. பேட்டன் வாழ்நாளெல்லாம் பந்தைக் கையில் வைத்து ஆட்டம் நடத்தியவர். லேக்கர்ஸின் முக்கோண ஆட்டமுறையில் பந்தைக் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் கடைசி வரை அதில் ஒட்டவே இல்லை. எதிரே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். அவர்களும் அந்த ஆண்டு புது ஆள் எடுத்தார்கள், அதுவும் சீசன் நடுவில்: ரஷீத் வாலஸ், பிப்ரவரியில். அவர் கொண்டுவந்தது பெரும்பாலும் டிஃபென்ஸ். அவர் வந்த பிறகு தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் எதிரணியை 70 புள்ளியைத் தொடவிடாமல் பிஸ்டன்ஸ் பிடித்து நிறுத்தியது. இறுதித் தொடர் பிஸ்டன்ஸுக்கு 4-1. மலோனுக்கு முழங்கால் காயம் இருந்தது உண்மைதான். ஆனாலும் நான்கு தோல்விக்கு ஒரு முழங்கால் போதாது.

நம் நாட்டிலேயும் உதாரணம் இருக்கிறது. வெஸ்ட்போர்ட்ஸ் மலேசிய டிராகன்ஸ் அணி 2016-ல் ஆசியான் கூடைப்பந்து லீக் கோப்பையை வென்றபோது, வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஜேசன் பிரிக்மேன். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் அசிஸ்ட், அதாவது கூட்டாளி புள்ளி போட வழிசெய்யும் பாஸ், கொடுத்தவர் அவர்; அவருக்கு முன் அங்கே மூன்றே பேர்தான் அந்த எண்ணைத் தாண்டியிருந்தார்கள். பந்து அவர் கையில்தான் இருக்கும். ஆனால் தங்காது.

பந்து கேட்கும் ஆள் மாறவே முடியாதா? முடியும், ஆனால் விலை உண்டு. 2010-ல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் மயாமி ஹீட்டில் டுவெய்ன் வேடுடன் சேர்ந்தார்கள். முதல் 17 ஆட்டத்தில் 9 வெற்றி, 8 தோல்வி. ஜேம்ஸும் வேடும் மாறி மாறிப் பந்தை எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் ஆட, மற்றவர் நின்று வேடிக்கை பார்ப்பார். கடைசியில் அதிகம் வளைந்துகொடுத்தவர் பாஷ். டொரான்டோவில் கடைசி ஆண்டு சராசரி 24 புள்ளி எடுத்தவர், மயாமியில் முதல் ஆண்டு 18.7-க்கு இறங்கினார். அந்த ஆண்டு இறுதித் தொடரில் டல்லஸிடம் தோற்றார்கள். 2012-லும் 2013-லும் பட்டம் வென்றார்கள்.

2014-ல் ரோடெரிக் ஸ்வாப் என்பவரும் சகாக்களும் செய்த ஆய்வு ஒன்று பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. காற்பந்திலும் கூடைப்பந்திலும் உச்ச ஆட்டக்காரர்களின் பங்கு ஓர் அளவைத் தாண்டினால் டீமின் வெற்றி குறைகிறது, பேஸ்பாலில் மட்டும் குறைவதில்லை என்றது அது. பேஸ்பாலில் ஒருவர் அடிக்கும்போது மற்றவர் கை தேவையில்லை. கிரிக்கெட்டும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். நல்ல கதை. ஆனால் 2021-ல் வேறொரு குழு அமெரிக்கக் கூடைப்பந்துத் தரவை மறுபடி அலசி, அந்தச் சரிவு தெரியவில்லை என்று, ஸ்வாப் ஆய்வு வெளிவந்த அதே ஆய்விதழில் மறுத்தது. ஆகவே 'திறமை கூடினால் டீம் கெடும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். கெடுகிறதோ இல்லையோ, ஸ்கின்னர் கணக்குப்படி ஒவ்வொரு புது நட்சத்திரத்துக்கும் கிடைக்கும் பலன் அவருடைய சொந்த எண்ணைவிடக் குறைவாக இருக்கும். நான் நிற்பது அந்த இடத்தில்.

இதுவரை பேசியது பந்துப் பங்கீடு. டீமுக்குள் ஒட்டு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இன்னொன்று, அது ஸ்கோர் தாளில் விழாது. எங்கள் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர், செம்பனை ஆலையில் வேலை பார்க்கிற அண்ணன். பெரிய ஆள் வந்து ஸ்கிரீன் போடுவார். அண்ணன் அவர் தோளை உரசிக்கொண்டு வலப்பக்கம் போவார். காவல்காரர் தடுமாறும் அந்தக் கணத்தில் பெரிய ஆள் திரும்பி வளையத்தை நோக்கி ஓடுவார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்துப் பாஸ் கொடுப்பதில்லை. அவர் இன்னும் இரண்டு எட்டில் எங்கே இருப்பாரோ, அங்கே பந்தைத் தரையில் தட்டி விடுவார். பழைய ஆள் திரும்பியதும் பந்து இடுப்புக்கு வந்திருக்கும். ஈப்போ பையன் அதே இடத்தில் ஸ்கிரீன் போட்டால், திரும்பி ஓடாமல் பின்னால் விலகித் த்ரீ பாயிண்ட் கோட்டுக்குப் போவான். அவன் கற்றது அப்படி. அதுவும் நல்ல ஆட்டம்தான். ஆனால் பந்து காலியிடத்தில் குதித்து வெளியே போகும். இருவரும் கையை விரிப்பார்கள்.

இந்த முன்னறிவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2008-ல் இத்தாலியில் நடந்த ஒரு சோதனை கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிகிற எறி, அதன் காட்சியைப் பாதியில் நிறுத்தி, பந்து விழுமா விழாதா என்று கேட்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள், பந்து கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, எறிகிறவரின் உடல் அசைவை வைத்தே சரியாகச் சொல்லத் தொடங்கினார்கள். வருஷக்கணக்கில் ஆட்டம் பார்த்த கோச்சுகளாலும் விளையாட்டு நிருபர்களாலும் அவ்வளவு முடியவில்லை. தன் உடம்பால் செய்து பழகியவன்தான் இன்னொருவன் உடம்பைப் படிக்கிறான். கூடவே ஆடுகிறவனின் உடம்பு என்றால், அவனுக்கே உரிய அசைவுகளைத் தனியாகப் படிக்க வேண்டும். அதற்குச் சேர்ந்து ஆடிய மணிநேரம் வேண்டும், குறுக்குவழி இல்லை.

2019-ல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. அமெரிக்கக் கூடைப்பந்து, இங்கிலாந்துக் காற்பந்து, ஐபிஎல் கிரிக்கெட், பேஸ்பால், ஒரு கணினி விளையாட்டு என ஐந்திலும், ஆட்டக்காரர்களின் தனித்திறமையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், முன்பு சேர்ந்து ஜெயித்த அனுபவமுள்ள டீமுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. சேர்ந்து ஆடிய காலம் கூடக்கூட வெற்றி கூடி, ஒரு கட்டத்துக்குப் பிறகு பலன் தேய்கிறது என்று 2002-ல் வந்த வேறோர் ஆய்வு சொன்னது. பழகிய ஆட்டத்தை எதிரணியும் படித்துவிடுகிறதே! அந்த நேரத்தில் புது ஆள் தேவைதான்.

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுப்பதையும் கட்டிக்கொள்வதையும் என்பிஏ-வின் 2008-09 சீசன் தொடக்கத்தில் எண்ணிப் பார்த்தவர்கள்கூட உண்டு. அதிகம் தட்டிக்கொண்ட டீம்கள் பின்னால் நன்றாக ஆடின. தட்டியதால் ஜெயித்தார்களா, ஒட்டு இருந்ததால் தட்டினார்களா என்பதை இப்படி எண்ணிப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது.

புது ஆளால் அதிகம் உடைவது டிஃபென்ஸ். காவலை மீறி ஒருவன் உள்ளே நுழைந்தால் மூலையில் நிற்பவன் ஓடிவந்து மறிக்க வேண்டும், அவன் விட்ட ஆளை அடுத்தவன் பிடிக்க வேண்டும். சங்கிலியில் ஒருவன் அரை விநாடி யோசித்தாலும் போச்சு. எங்கள் டீமில் இதற்கான கூப்பாடு பாதி சீனம், கொஞ்சம் மலாய், திட்டு மட்டும் தமிழ். ஈப்போ பையனுக்குத் திட்டு மட்டும்தான் புரிந்தது.

கோச் கடைசியில் செய்தது எளிது. அவனைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்து, எறியத் தெரிந்தவர்கள் குறைவான இரண்டாவது குழுவோடு இறக்கினார். அங்கே அவன் எறியும் எறி யாருடைய நல்ல எறியையும் தின்பதில்லை. தூர எறிக்குப் பேர்போன ரே ஆலன் 2012-ல் மயாமிக்கு வந்தபோதும் இடம் பெஞ்சில்தான். 2013 இறுதித் தொடர் ஆறாவது ஆட்டம், மூன்று புள்ளி பின்தங்கிய நிலை. ஜேம்ஸ் எறிந்தது தவறியது. ரீபவுண்டை எடுத்த பாஷ் தானே எறியாமல் மூலைக்கு ஓடிய ஆலனுக்குக் கொடுத்தார். 5.2 விநாடி மிச்சமிருக்கையில் ஆலன் போட்ட மூன்று புள்ளியில் ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் மயாமி ஜெயித்தது.

உங்கள் ஊர் டீமில் இதைச் சோதிக்க ஒரு பள்ளி நோட்டு போதும். புது ஆள் உள்ளே இறங்கும்போது ஸ்கோர் என்ன, வெளியே வரும்போது என்ன என்று எழுதுங்கள். அவன் எடுத்த புள்ளியை விடுங்கள். அவன் நின்ற நேரத்தில் டீம் எத்தனை முன்னே போனது, எத்தனை பின்னே போனது என்பது மட்டும். கூட ஆடிய நால்வர் யார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு ஆட்டத்தில் இந்த எண் கண்டபடி ஆடும், அதை வைத்து யாரையும் தூக்கவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். ஒரு சீசன் சேரட்டும். அதுவரை நோட்டைப் பையனின் அப்பாவிடம் காட்டாதீர்கள்.