"எனக்கெல்லாம் தாயம் விழாது டீச்சர்"

தொடக்கப்பள்ளியில பதினாலு வருஷமா கணக்கு எடுக்கறேன், ஒரு விஷயம் நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு கணக்குப் பாக்கறதுக்கு நிகழ்தகவுன்னு பேரு, அந்த வார்த்தையை ஒரு தடவைகூட போர்டுல எழுதினதில்ல, ஆனா நாலாவது அஞ்சாவதுலயே பிள்ளைங்களை அதை விளையாட வச்சிடுவேன். நம்ம பாடத்திட்டத்துல அது தனிப் பாடமா வர்றது ஒன்பதாம் வகுப்புலதான். அதுக்குள்ள கைராசி, ராசியில்லாத கை, "இத்தனை தடவை விழல, அடுத்தது கண்டிப்பா விழும்"னு எல்லாம் மனசுல நல்லா ஊறிப்போயிடுது. அப்புறம் வந்து பின்னம் போட்டுக் காட்டினா மார்க் வாங்குவாங்க, நம்ப மாட்டாங்க.

போன வருஷம் அஞ்சாவதுல பித்தளை தாயக்கட்டை ரெண்டு எடுத்துட்டுப் போனேன், ரெண்டும் சேர்ந்து ஒண்ணு விழுந்தா அதுதான் தாயம். சிமெண்ட் தரையில கட்டை உருள்ற சத்தம் கேட்டதுமே பக்கத்து வகுப்புப் பிள்ளைங்க ஜன்னல்ல வந்து நிக்குதுங்க. எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு முன்னாடி வர்றப்போ ஒரு பொண்ணு மட்டும் சுவரோரமா நின்னுட்டா. ஏன்மா வரலனு கேட்டா, "எனக்கெல்லாம் தாயம் விழாது டீச்சர், எங்க அப்பத்தாவே சொல்லும், ராசியில்லாத கைன்னு." பத்து வயசுப் புள்ள, ரொம்ப சாதாரணமா சொல்றா. அன்னைக்கு நான் நினைச்சிட்டுப் போன பாடத்தை அப்படியே விட்டுட்டேன்.

இருபது பேர், ஆளுக்கு எட்டு தடவை போடணும், மொத்தம் 160. போடறதுக்கு முன்னாடி எது அதிகமா விழும்னு ஒவ்வொருத்தரும் நோட்டுல எழுதியாகணும், இதை மட்டும் விட்றவே கூடாது, ஏன்னா தன்னோட ஊகம் தப்பாப் போனாத்தான் பிள்ளைக்கு "ஏன்"னு கேக்கத் தோணும். பாதிப் பேர் எல்லாமே சமமாத்தான் விழும்னு எழுதியிருந்தாங்க. விழ விழ போர்டுல கோடு போட்டோம், அஞ்சாவதுக்கு குறுக்குக் கோடு. முடிவுல மூணு விழுந்தது 43 தடவை, தாயம் 18 தடவை, பன்னெண்டு வெறும் 7 தடவை. "ஒரு தாயம்கூட விழாதவங்க கை தூக்குங்க"ன்னேன், ஆறு கை எழும்புச்சு. அந்தப் பொண்ணு தன் கையைத் தூக்கிட்டே திரும்பித் திரும்பி மத்த அஞ்சு கையையும் பாத்தா பாருங்க, அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கல.

அடுத்த நாள் ஒரு கட்டையில மட்டும் சிவப்பு நெயில்பாலிஷ் தொட்டு வச்சேன். ஒவ்வொரு கட்டையிலயும் வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நாலு முகம், அதனால நாலுக்கு நாலு கட்டம், பதினாறு விதம். தாயம் வரணும்னா ஒரு கட்டை ஒண்ணு, இன்னொண்ணு வெறுமை. சிவப்புல ஒண்ணு வர்றது ஒரு விதம், மத்ததுல வர்றது வேற விதம், ஆக பதினாறுல ரெண்டு, அதாவது எட்டுல ஒண்ணு. மூணு வர நாலு விதம் இருக்கு. ரெண்டும் வெறுமையா விழுந்து பன்னெண்டு வர ஒரே வழிதான். நெயில்பாலிஷ் இல்லாட்டி ரெண்டு கட்டையும் ஒண்ணுபோல இருக்கறதால பிள்ளைங்க தாயத்தோட அந்த ரெண்டு விதத்தையும் ஒரே விதம்னு எண்ணிடுவாங்க. அதுக்காகத் திட்டாதீங்க, தாலம்பேர்னு பெரிய பிரெஞ்சு கணித மேதையே 1754ல இதே மாதிரி சறுக்கியிருக்கார், ரெண்டு தடவை காசு சுண்டினா ஒரு தலையாவது விழ மூணுல ரெண்டு வாய்ப்புன்னு எழுதிட்டார், சரியான விடை நாலுல மூணு.

ஒரு பையன் கட்டத்தையே பாத்துட்டிருந்துட்டு, "டீச்சர், ஒண்ணு அஞ்சு ஆறு பன்னெண்டு விழுந்தாத்தானே மறுபடி போடலாம், அதெல்லாம்தான் கம்மியா இருக்கு"ன்னான். எனக்கே அது வரைக்கும் தோணல!

இங்கதான் பெரியவங்களும் தடுக்கி விழறோம். எட்டுல ஒண்ணுன்னா எட்டு தடவை போட்டா ஒண்ணு விழுந்தே ஆகணும்னு அர்த்தமில்ல. எட்டு தடவை போட்டும் தாயமே விழாம இருக்க கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு, இருபது பேர்ல ஆறேழு பேர் வெறுங்கையோட நிக்கறது ரொம்ப சகஜம். முன்னாடி விழாதது கட்டைக்கு ஞாபகமும் இருக்காது.

ஒரு அப்பா வந்து, பள்ளிக்கூடத்துல சூதாட்டமா சொல்லிக் குடுக்கறீங்கன்னு சத்தம் போட்டுட்டுப் போனார். அவர் பயம் எனக்குப் புரியுது. தமிழ்நாட்டுல லாட்டரியை 2003ல தடை பண்ணிட்டாங்க, ஆனா இப்போ சூதாட்டம் ஃபோனுக்குள்ளயே வந்து நிக்குது, விட்ட காசை அடுத்த ஆட்டத்துல எடுத்துடலாம்னு நம்பித்தான் குடும்பமே அழியுது. அந்த நம்பிக்கை பொய்னு காசு வைக்காம, பத்து வயசுல, தன் கையாலயே எண்ணிப் பாத்த புள்ளைக்குத் தெரியும்ங்க.

தாயக்கட்டை கிடைக்கலைன்னா ஒரு பக்கம் தேய்ச்ச புளியங்கொட்டை போதும், ஆனா அது காசு மாதிரி பாதிக்குப் பாதி விழாது, நூறு தடவை போட்டு எண்ண விடுங்க. ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்களுக்கு எண்ணே வேண்டாம், "நடக்கவே நடக்காது, நடக்கலாம், கண்டிப்பா நடக்கும்" இந்த மூணு பேச்சே போதும்.

அந்த வெள்ளிக்கிழமை, ராசியில்லாத கைன்னு சொன்ன அந்தப் பொண்ணு கட்டையைக் கேட்டு வாங்கிட்டுப் போனா. திங்கக்கிழமை நோட்டோட வந்து நிக்கறா, அப்பத்தா 40 தடவை போட்டிருக்கு, தாயம் 4. "அதுக்கும் கம்மியாத்தான் விழுது டீச்சர்"னு சொல்லிட்டு, நோட்டுல போட்ட கோடுகளை எல்லாம் மறுபடி ஒருதரம் எண்ணிக் காட்டினா.