சோமர்செற் மண்ணெண்ணெய் குடித்த விதம்

"1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடினவே, இப்போதைய கார் ஏன் ஓடாது?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் பற்றுமளவுக்கு ஆவி விடும். குளிர்ந்த எஞ்சினுக்கு அதைக் கொடுத்தால் பிளக் நனைவதுதான் மிச்சம். அதனால் காற்றையும் எரிபொருளையும் கலக்கும் காபரேற்றரின் வாயில் பெற்றோல் சில துளி விட்டு ஸ்ரார்ட் செய்தார்கள். பற்றரி செத்திருந்தால் முன்னால் ஹான்டில் போட்டுச் சுற்றவேண்டும். கீழே அழுத்தக்கூடாது, மேலே இழுக்கவேண்டும். பெருவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கவேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் பெருவிரலோ மணிக்கட்டோ முறிந்துவிடும்.

இனித்தான் அழகான இடம். 1952 முதல் 1954 வரை வந்த ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் காரில் காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்கும். புகையின் சூடே அடுத்த மிடறு மண்ணெண்ணெயை ஆவியாக்கும். ஓடினால் சூடு, சூடிருந்தால் ஓட்டம்!

ஆனால் மண்ணெண்ணெய் பொறுமையற்றது. பிளக்கிலிருந்து சுவாலை வந்து சேருமுன் மூலையில் நசுங்கிய கலவை தானாக வெடித்து 'டக்டக்' என்று அடிக்கும். சோமர்செற்றின் அமுக்க விகிதம், அதாவது கலவை நசுங்கும் மடங்கு, 7.2 தான் என்பதால், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பிப் பொறியைப் பிந்தவைத்தால் அடி குறையும். மிச்சம் சாரதியின் காதுக்கு. சத்தம் கேட்டால் கியரைக் குறைக்கவேண்டும். முதல் கியருக்குச் சிங்குரோ, அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு, இல்லை: கிளச், நியூட்ரல், கிளச்சை விட்டு ஒரு உறுமல், திரும்பக் கிளச், பிறகு கியர். நல்லவேளை, யாழ்ப்பாணத்தில் மலை இல்லை.

புதிய எஞ்சின்களில் அமுக்க விகிதம் 10ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கணினி பொறியைப் பிந்தவைத்தாலும் ஓரளவுக்குத்தான் முடியும். புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கியும் கெட்டுவிடும்.

பழைய எஞ்சினும் சும்மா தப்பவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் குறையாமல் கூடுகிறதே என்று சந்தோசப்படாதீர்கள். நீர்த்த ஒயில் பெயாரிங்கைத் தின்றுவிடும். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கும் நேரத்தில் ஒயில் கம்பியை இழுத்து மணந்து பார்த்தால் பயனுண்டு.

சாவியைத் திருகியும் சிலவேளை எஞ்சின் நிற்காது. உள்ளே செந்தணலாய்க் கிடக்கும் கரியே பொறியாகிவிடும். அப்போது நாலாம் கியரில் போட்டு, பிரேக்கை இறுக மிதித்தபடி கிளச்சை விடவேண்டும். ஒரு குலுக்கலோடு அடங்கும்.