தடை கத்திக்குத்தான், வைத்தியத்துக்கு இல்லை

பிறந்து மூன்றாவது வாரத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கண் குழிந்து, நாக்கு வறண்டு, பிறந்தபோது இருந்ததைவிட எடை குறைந்திருந்தது. ரத்தத்தில் சோடியம் 114, மிகக் குறைவு. பொட்டாசியம் 7.8, மிக அதிகம். இதயம் எந்த நேரமும் நின்றுவிடக்கூடிய நிலை. பிரசவம் நடந்த இடத்தில், "ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வைத்தியம் செய்ய அரசு தடை போட்டிருக்கிறது. பெரிதானதும் கூட்டி வாருங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. இதே கதையோடு வந்த எல்லாக் குழந்தைகளும் பிழைக்கவில்லை. அதனால் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தடை என்கிறார்களே, அது என்ன? 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் தூத்துக்குடியில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது பற்றிய வழக்கு அது. அதே தீர்ப்பில், ஊடுபால் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறந்தவர்களுக்கு, செய்யப்படும் பாலின அறுவைச் சிகிச்சைகளைத் தடை செய்யவும் அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோர் தரும் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றும் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுகாதாரத் துறை அரசாணை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. அது உண்மையிலேயே ஆபத்துதானா என்று பரிந்துரைக்க ஒரு குழு. அந்தக் குழுவில் அறுவைச் சிகிச்சை நிபுணர், ஹார்மோன் நிபுணர் ஆகியோருடன் சமூகப் பணியாளரோ ஊடுபால் செயல்பாட்டாளரோ ஒருவரும், அரசுப் பிரதிநிதி ஒருவரும் இருக்க வேண்டும். மால்டா 2015இல் இப்படி ஒரு தடையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நாம் செய்திருக்கிறோம். பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் அரசாணையைப் படிக்காமலே அதற்குப் பொருள் சொல்லும் ஆட்களை என்ன செய்வது? அதில் தடுக்கப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று: தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் பக்குவம் வராத குழந்தையின் பிறப்புறுப்பை ஆண்போலவோ பெண்போலவோ தெரியும்படி வெட்டித் தைப்பது. ரத்தப் பரிசோதனை தடை செய்யப்படவில்லை. ஸ்கேன் தடை செய்யப்படவில்லை. குரோமோசோம் பரிசோதனை, ஹார்மோன் மருந்து, உப்புநீர் ஏற்றுவது, மனநல ஆலோசனை எதுவும் தடை செய்யப்படவில்லை. குழந்தையை ஆண் என்றோ பெண் என்றோ வளர்ப்பதையும் யாரும் தடுக்கவில்லை. "பதினெட்டு வயது வரை தொடவே கூடாதாமே டாக்டரம்மா?" என்று கேட்கும் பாட்டிகளைக்கூட மன்னித்துவிடுவேன். ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு அதையே சொல்பவர்களை மன்னிக்க முடியவில்லை.

பிறப்புறுப்பில் தெளிவில்லாமல் பிறக்கும் குழந்தைகளில் நாங்கள் முதலில் தேடுவது சி.ஏ.எச். எனப்படும் அட்ரினல் கோளாறைத்தான். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உடல் உப்பைத் தக்கவைக்கத் தேவையான ஹார்மோனைச் செய்யாது. ஆண் ஹார்மோனையோ அதிகமாகச் சுரக்கும். பெண் குழந்தையின் பிறப்புறுப்பு தெளிவில்லாமல் போவது அதனால்தான். முதல் வாரம் குழந்தை நன்றாகவே இருக்கும். பிறகு வாந்தி வரும், பால் குடிக்காது, சோர்ந்து விழும். வயிற்றுப்போக்கு என்று நினைத்துச் சிரப் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் உப்புநீரும் உடனே ஏற்றினால் காப்பாற்றிவிடலாம். இந்தக் கோளாறோடு பிறக்கும் பெண் குழந்தைகளுக்குக் கருப்பையும் சினைப்பையும் இயல்பாகவே இருக்கும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வளர்ந்து பிள்ளை பெற்றவர்கள் உண்டு. ஆண் குழந்தைகளுக்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அவர்களைத்தான் இன்னும் அதிகமாகக் கோட்டைவிடுகிறோம்.

எதிர்ப்பக்கத்தில் வேறொரு கூட்டம் இருக்கிறது. "சின்ன ஆபரேஷன்தானே, ஊருக்குத் தெரிவதற்குள் முடித்துவிடுங்கள்" என்று வரும் சித்தப்பாக்கள். சின்னது இல்லை ஐயா. வெட்டிய இடத்தில் உணர்ச்சி போனால் திரும்ப வராது. விரை, சினைப்பை போன்ற பாலினச் சுரப்பியை எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க வெளியிலிருந்து ஹார்மோன்தான். நாம் பெண் என்று தீர்மானித்த பிள்ளை பதினைந்து வயதில் "நான் ஆண்" என்று சொன்னால் யார் பதில் சொல்வது? பிறப்பைப் பதிவு செய்ய 21 நாட்கள் இருக்கின்றன. பெயரைப் பிறகுகூடச் சேர்க்கலாம். பிரசவ அறை வாசலில் நிற்கும் மாமனாருக்குப் பதில் சொல்வதற்காக முதல் நாளே எதையும் முடிவு செய்யத் தேவையில்லை.

சக மருத்துவர்களுக்கு: இரண்டு விரைகளும் கைக்குத் தட்டுப்படாத குழந்தையை, வெளியே எவ்வளவு ஆண்போலத் தெரிந்தாலும், சி.ஏ.எச். இல்லை என்று உறுதியாகும் வரை 'ஆண் குழந்தை' என்று எழுதி அனுப்பாதீர்கள். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை பாருங்கள். 48 மணி நேரம் கழிந்ததும் சி.ஏ.எச்.-ஐக் காட்டிக்கொடுக்கும் 17-ஓ.எச்.பி. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முதல் முடிவு சரியாக இருந்தாலும் இரண்டாவது வாரம் உப்பின் அளவை மறுபடி பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அந்தத் தொட்டிலைச் சுற்றி மாணவர்களைக் கூட்டமாக நிற்க வைத்துச் செல்போனில் படமெடுக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் 'அது' என்று பேசாமல் 'உங்கள் குழந்தை' என்று பேசுங்கள்.

சி.ஏ.எச். உள்ள குழந்தையின் பெற்றோருக்கு: ஸ்டீராய்டு என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உடல் தானே செய்ய வேண்டியதைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். பாலில் அளந்து கலக்கச் சொன்ன உப்பை, பாவம் குழந்தை என்று பாட்டி குறைத்துவிடுவார். அதையும் கவனியுங்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரையின் அளவை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டால் ஊசிதான், அதற்கு விடியும் வரை காத்திருக்கக் கூடாது. அந்தச் சீட்டைப் படமெடுத்துத் தாய், தந்தை இருவர் செல்போனிலும் வைத்திருங்கள். நள்ளிரவில் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் அங்கே இருப்பவரிடம் வாயால் விளக்குவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

இன்னொன்று. சி.ஏ.எச். பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் கோளாறு. சொந்தத்தில் மணம் முடித்தவர்களிடம் வாய்ப்பு அதிகம். ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்த ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. எனவே அடுத்த முறை கருத்தரிப்பதற்கு முன்பே வந்து பேசுங்கள், ஏழாம் மாத வளைகாப்புக்குப் பிறகு அல்ல.